இரண்டு உடலுக்கு ஒரு மஜ்ஜை

இந்துராணியின் பெருங்குடலிலிருந்து கட்டியை வெட்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் போதும். அதன் பிறகு அவளை உயிரோடு வைத்திருக்கத்தான் பதினோரு நாள் வேண்டும்.

அந்தப் பதினோரு நாளைத் தரும் கருவியை இயக்குவது என் வேலை. என் பெயர் அமலி. நான் நர்ஸ் இல்லை, டெக்னீஷியன். ஆனால் மதுரையில் எங்கள் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான். திருத்திப் பார்த்து, அலுத்து, விட்டுவிட்டேன்.

முதல் நாள் இந்துராணி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வயது முப்பத்தெட்டு. ஆறு வருடமாக அவளுடைய எலும்பு மஜ்ஜை ரத்தம் செய்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டே வந்திருந்தது. இப்போது குடலில் புற்று. பக்கத்தில் கணவர் மாரீஸ்வரன், நாற்பத்தாறு வயது, சிவகாசியில் ஆஃப்செட் அச்சு ஆபரேட்டர். எத்தனை கழுவினாலும் போகாத மை நகக்கண்களில் இருந்தது.

"கட்டி குடலை முக்கால்வாசி அடைச்சிருச்சு. மூணு வாரத்துல முழுசா அடைச்சிரும்" என்றார் டாக்டர் ஷாநவாஸ்.

"அப்ப வெட்டி எடுத்துருங்க சார்."

"கத்தி வச்சா ரத்தம் நிக்கணும்ல? ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் உங்களுக்கும் எனக்கும் ரெண்டு லட்சம் பக்கம் இருக்கும். இவங்களுக்கு ஒன்பதாயிரம். வெட்டின குடலைச் சேர்த்துத் தைப்போம். அந்தத் தையல் ஒட்டுற வரைக்கும் கிருமி ஏறாம காக்கிறது வெள்ளையணு. அதுவும் கிட்டத்தட்ட இல்ல. கீமோ கொடுத்து கட்டியைச் சுருக்கலாம்னா, மிச்சமிருக்கிற மஜ்ஜையும் அதுல போயிரும்."

"பையில வாங்கி ஏத்துவீங்களே, அது?"

இந்தக் கேள்விக்கு டாக்டர் என்னைப் பார்த்தார். விளக்குவதென்றால் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"ஆறு வருஷமா ஊரார் பிளேட்லெட்டை ஏத்தி ஏத்தி, இவங்க உடம்பு அதையெல்லாம் அடையாளம் வச்சிருக்குண்ணே. இப்ப யாரோடதை ஏத்தினாலும் ஒரு மணி நேரத்துல அழிச்சிரும். ரொம்பப் பொருந்துற ஒருத்தரோடது வேணும். அதுவும் நிக்காம வந்துக்கிட்டே இருக்கணும். வெள்ளையணுவோட ஆயுசே சில மணி நேரம்தான், பையில பிடிச்சு வைக்க முடியாது."

"மஜ்ஜையையே மாத்தி வைக்கிறதுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே?"

"அதுக்கு ஆறு மாசம் ஆகும். குடல் மூணு வாரம்தான் தரும்."

அதனால்தான் உடன்சுற்று. இரண்டு கட்டில்கள், நடுவில் பீரோ அளவுக்கு ஒரு கருவி. உள்ளே மெல்லிய சவ்வு, காகிதச் சுருளைப் போலச் சுற்றி வைத்திருக்கும். சவ்வின் ஒரு பக்கம் கொடுப்பவரின் ரத்தம் ஓடும், மறுபக்கம் நோயாளியின் ரத்தம். கொடுப்பவரின் வெள்ளையணுக்களும் பிளேட்லெட்டுகளும் மட்டும், நோயாளியின் உடல் எளிதில் அடையாளம் காணாதபடி மேலே ஒரு பூச்சு பூசப்பட்டுச் சவ்வைத் தாண்டும். மற்றதெல்லாம் அவரவருக்கே திரும்பிவிடும். பதினோரு நாளைக்கு ஒரு மஜ்ஜை இரண்டு உடலுக்கு உழைக்கும்.

"ஆஃப்செட்டுலயும் அப்படித்தான் சிஸ்டர்" என்று மாரீஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரே பிளேட்டுல தண்ணியும் ஓடும், மையும் ஓடும். ஒண்ணோட ஒண்ணு கலக்காது. இதே டெக்னிக்கு."

"அப்படியே அதேதாண்ணே!" என்றேன். அந்த மாதிரி ஓர் ஆள் கிடைத்துவிட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "ஆனா ரெண்டு உடம்புக்குச் செய்யணும்னா மஜ்ஜை மூணு மடங்கு வேகத்துல ஓடணும். அதுக்கு ஒரு தூண்டி மருந்து போடுவோம். கொடுக்கிறவர் முழு ஆரோக்கியமா இருக்கணும். நல்லாப் பொருந்தணும்."

"பொருந்தணும்னா?"

"நாலு கலர் அடிக்கிறீங்க. நாலும் அச்சுப் பிசகாம ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்தாத்தானே முகம் முகமாத் தெரியும்? அணுக்கள்ல அது மாதிரி பத்துப் புள்ளி இருக்கு. அதுல எட்டாச்சும் உக்காரணும்."

மாரீஸ்வரன் தானே கொடுப்பதாகச் சொன்னார். கருவியின் திரையில் படிவம் நிரப்பியதும் நான்தான். நோயாளிக்குக் கொடுப்பவர் என்ன உறவு? கணவர். அடுத்த கேள்வி: ரத்த உறவு உண்டா?

"நீங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டவங்களா?"

மாரீஸ்வரன் மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இல்ல சிஸ்டர்" என்றாள். "அசல்தான்."

"வீட்டுல யாருக்காவது ரத்தத்துல, நுரையீரல்ல, கல்லீரல்ல வியாதி?"

"அப்படி யாரும் இல்ல."

'இல்லை' என்று குறித்தேன். அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று குறித்திருந்தால், கொடுப்பவரின் மரபணுவைச் சோதிக்காமல் கருவி அடுத்த பக்கத்துக்கே போகாது. குடும்பத்தில் ஓடும் மஜ்ஜைக் கோளாறு கொடுப்பவருக்குள்ளும் ஒளிந்திருக்கலாம் என்பதற்காக வைத்த பூட்டு அது. கணவர், அசல் என்றதும் பூட்டு தானாகத் திறந்துகொண்டது.

மூன்று நாளில் பொருத்தப் பரிசோதனை வந்தது. பத்துக்கு ஒன்பது.

அசல் கணவருக்கும் மனைவிக்கும் ஒன்பது என்பது லட்சத்தில் ஒன்றுகூடக் கிடையாது. நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன். "பாருங்க சார், அதிசயம்!" என்றேன். டாக்டருக்கும் மகிழ்ச்சிதான். அன்று எங்கள் இருவரில் யாராவது ஒருவர் 'எப்படி?' என்று கேட்டிருக்கலாம். எதையும் எப்படி என்று கேட்டே வளர்ந்தவள் நான். நல்ல செய்தியிடம் மட்டும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை இணைத்தோம். மறுநாள் இந்துராணியின் பிளேட்லெட் ஒன்பதாயிரத்திலிருந்து எழுபதாயிரத்துக்கு ஏறியது. அன்றே அறுவைச் சிகிச்சை. அடைத்திருந்த பகுதியை எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். ரத்தம் ஒழுங்காக நின்றது. எல்லாம் படம் போட்டுக் காட்டியபடி நடந்தது.

மூன்றாம் நாள் அவளைச் சற்று சாய்த்து உட்காரவைக்கச் சொன்னார்கள். கட்டிலை உயர்த்தினேன். "வேணாம் சிஸ்டர், படுக்கையாவே போடுங்க" என்றாள்.

"சாஞ்சு இருந்தா நுரையீரலுக்கு நல்லது."

"சாஞ்சு உக்காந்தே தூங்குறதைப் பாத்தா எங்கம்மா ஞாபகம் வருது. கடைசி ஒரு வருஷம் அவ படுத்து நான் பாத்ததில்ல. படுத்தா மூச்சு முட்டும். மோட்டார் ரூம் கதவுல சாஞ்சுக்கிட்டு உக்காந்தே தூங்குவா."

அடுத்த கட்டிலிலிருந்து மாரீஸ்வரன், "எதுக்கு இப்ப பழங்கதை?" என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் கட்டிலை அரை அளவுக்கு இறக்கிக்கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் மாரீஸ்வரனின் எண்கள் தவறாக இருந்தன.

ஆரம்பத்தில் அவருக்குப் பிளேட்லெட் ஒரு லட்சத்து எழுபதாயிரம். தூண்டி மருந்து போட்ட மஜ்ஜை மூன்றாம் நாளிலிருந்து பொங்க வேண்டும். மனைவிக்குக் கொடுத்தது போக அவரிடமே மூன்று லட்சம் நிற்க வேண்டும். மூன்றாம் நாள் ஒன்று நாற்பது இருந்தது. மருந்து பிடிக்கத் தாமதம் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் எண்பத்தெட்டாயிரம்.

கருவியைச் சந்தேகப்பட்டேன். குழாய்களைப் பார்த்தேன். சவ்வின் அழுத்தத்தை மூன்று முறை அளந்தேன். எங்காவது அணுக்கள் சிக்கி உடைகின்றனவா என்று வடிகட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு கசிவாவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினேன். ஒன்றும் இல்லை. கருவி தேர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மாரீஸ்வரனின் மஜ்ஜையில்தான் ஏதோ நிற்கிறது.

"என்ன சிஸ்டர், மிஷின் மக்கர் பண்ணுதா? நான் வேணா எந்திரிச்சுப் பாக்கவா?" என்று அவர் சிரித்தார். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். இணைப்பில் இருப்பவர்களுக்கு ரேசர் கொடுக்க மாட்டோம். ஐந்து நாள் தாடி. ஒரு கருப்பு மயிர்கூட இல்லாமல், முழுக்க வெள்ளை. தலை மட்டும் கருகருவென்று இருந்தது.

"டையாண்ணே?"

"கண்டுபிடிச்சிட்டீங்களா! இருபத்தி மூணு வயசுல இருந்து அடிக்கிறேன் சிஸ்டர். நகத்துல ஒட்டினாலும் பிரஸ் மைன்னு விட்டுருவாக. எங்க வீட்டுல எல்லாருமே இப்படித்தான். எங்கக்காவுக்கெல்லாம் பதினெட்டுலயே பஞ்சாயிருச்சு."

"அக்கா இப்ப எப்படி இருக்காங்க?"

"போய்ச் சேந்துட்டா. நுரையீரல் காஞ்சு போச்சுன்னாக. பாவம், கடைசியில படுக்கக்கூட முடியாது. மோட்டார் ரூம் கதவுல சாஞ்சே..."

அவர் நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் இந்துராணி சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது.

"அண்ணே. உங்க அக்காவும் இவங்க அம்மாவும் ஒருத்தர்தானா?"

பதில் பக்கத்துக் கட்டிலிலிருந்து வந்தது. "ஆமா சிஸ்டர்" என்றாள் இந்துராணி. "இவுக என் தாய்மாமன். எங்கப்பாவும் எங்கம்மாவுக்கு மாமன் மகன்தான். வீட்டுல நான் இவுகளை மாமான்னுதான் கூப்பிடுவேன். ஆஸ்பத்திரி வாசல்ல நுழைஞ்சா மாத்திக்கிருவேன்."

"அன்னைக்கு ஏன் சொல்லல? நேராவே கேட்டேனே!"

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு மொதல்ல ஒரு பையன் பிறந்தான் சிஸ்டர். ரத்தம் ஊறல, வளரல. பத்து மாசம் இருந்தான். பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு நிக்கிறேன், அந்த டாக்டர் வார்டே கேக்குற மாதிரி கத்துனாரு. 'சொந்தத்துலயே கட்டிக்க வேண்டியது, இந்த மாதிரி பெத்துக்கிட்டு வந்து எங்க உசுரை வாங்க வேண்டியது. படிச்ச பிள்ளைதானே நீ?' சுத்தி அம்புட்டுப் பேரும் பாக்குறாக. நானா கட்டிக்கிட்டேன்? எனக்கு அப்ப பத்தொன்பது வயசு. அதுக்கப்புறம் எந்த ஆஸ்பத்திரியில கேட்டாலும் அசல்னு சொல்லிருவோம். சொல்லிச் சொல்லி அதே பழகிப்போச்சு."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த டாக்டர் சொன்ன அறிவியல் சரிதான். ஆனால் அவர் போட்ட ஒரு சத்தத்தில் ஒரு குடும்பம் பதினெட்டு வருடமாக எல்லா மருத்துவர்களிடமும் வாயை மூடிக்கொண்டது. மூடிய வாய்க்குள் எங்களுக்குத் தேவையான எல்லாத் தகவலும் இருந்தது.

மரபணுச் சோதனை ஆறு மணி நேரத்தில் வந்தது. இருவருக்கும் ஒரே இடத்தில் ஒரே குறை.

"தூண்டி மருந்தை உடனே நிறுத்து" என்றார் டாக்டர் ஷாநவாஸ். முகம் வெளுத்திருந்தது. "இப்பவே கழட்டினா அவருக்கு ஓரளவு மீளும். ஆனா குடல் தையல் போட்டு மூணு நாள்தான் ஆச்சு. வெள்ளையணு இல்லாம விட்டா இவங்க பிழைக்கப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. பதினோரு நாளும் ஓட்டினா இவங்க பிழைக்கலாம். அவரோட மஜ்ஜை திரும்பாது."

"என்ன பண்றது சார்?"

"ரெண்டு பேருமே நமக்கு நோயாளி. ரெண்டு பேருக்கும் தெரியணும். யாராவது ஒருத்தர் வேண்டாம்னா அந்த நிமிஷமே கழட்டணும், அதுதான் விதி." என்னைப் பார்க்காமல் சேர்த்துச் சொன்னார்: "நீயே போய்ச் சொல்லு. உன்னை விட நல்லா விளக்கறவங்க இங்க யாரு இருக்கா?"

நான் போனபோது இந்துராணி வலி மருந்தில் கண்மூடிக் கிடந்தாள். மாரீஸ்வரன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அண்ணே, ஒரு பிளேட் எத்தனை பிரதி தாங்கும்?"

"நல்ல பிளேட்டுன்னா லட்சம் தாங்கும். அப்புறம் தேஞ்சிரும், எழுத்து மங்கும்."

"மஜ்ஜையில தாய் அணுன்னு இருக்கு. அது தன்னைத் தானே பிரதி எடுத்துத்தான் ரத்தம் செய்யுது. ஒவ்வொரு பிரதிக்கும் அதோட நுனி கொஞ்சம் தேயும். நமக்கெல்லாம் தேயறதைச் சரிபண்ண உள்ளேயே ஒரு ஏற்பாடு உண்டு. உங்க குடும்பத்துல அந்த ஏற்பாடு பாதிதான் வேலை செய்யுது. அதான் சின்ன வயசுலயே நரை. உங்க அக்காவுக்கு நுரையீரல்ல வந்துச்சு, இவங்களுக்கு மஜ்ஜையிலயும் குடல்லயும். உங்க பையனுக்கு ரெண்டு பக்கமும் சேர்ந்து வந்திருக்கும்."

"அப்ப என் பிளேட்டும் மெலிசு."

"மெலிசு. ஒழுங்கா ஓட்டியிருந்தா எழுபது வயசு வரைக்கும்கூட ஓடியிருக்கும். நான் அதை மூணு மடங்கு வேகத்துல ஓட்டிட்டேன்."

அவர் நகக்கண்ணிலிருந்த மையைச் சுரண்டினார். பிறகு, "பாப்பாவுக்கு?" என்றார். அவர்கள் மகள் நிவேதா, பத்தாம் வகுப்பு.

"இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா முன்னாடியே தெரிஞ்சா தள்ளிப்போட நிறைய வழி இருக்கு. மறைக்காம இருந்தாப் போதும்."

"சரி. அதை அப்புறம் பாப்போம். இப்ப இவளுக்கு எம்புட்டு நாள் வேணும்?"

"பதினொண்ணு. குறைஞ்சது எட்டு."

"பதினொண்ணே ஓட்டுங்க."

"அண்ணே, நான் சொன்னது புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுச்சு சிஸ்டர், நீங்கதான் புட்டுப் புட்டு வச்சிட்டீங்களே. ஒண்ணே ஒண்ணு. இவகிட்ட மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சா அடுத்த நிமிஷம் கழட்டச் சொல்லிருவா. அம்புட்டுப் பாசம் இவளுக்கு."

மாலை நாலு மணிக்கு அவர் தூங்கினார். தூண்டி மருந்தால் வந்த எலும்பு வலிக்குக் கொடுத்த மாத்திரையின் தூக்கம் அது. நான் நடுத்திரையை இழுத்துவிட்டு இந்துராணி பக்கம் போனேன். அவர் கெஞ்சியதை நினைத்துப் பார்த்தேன். ஆனால் இரண்டு பேருக்கும் தெரியாமல் ஒரு சொட்டு ரத்தத்தையும் நான் இனி ஓட்டுவதாக இல்லை.

"இந்துராணி, ஒரு விஷயம் விளக்கணும். கொஞ்சம் கஷ்டமான..."

"பிளேட் மெலிசு. அதானே?" என்றாள். "நான் தூங்கல சிஸ்டர். கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அதுக்கு முன்னாலயே தெரியும். முந்தாநாள் பிரஷர் பாத்தீங்கள்ல, பட்டை கட்டின இடத்துல அவுக கையில நீலம் பூத்திருந்துச்சு. ஆறு வருஷமா என் தோல்ல பாக்குற நீலம், எனக்குத் தெரியாதா? அப்புறம் அந்த ஸ்கிரீன் என் பக்கம்தானே திரும்பியிருக்கு. ஒண்ணு எழுபது, ஒண்ணு நாப்பது. இந்த எண்ணைப் படிக்கிறதுல எனக்கு எந்த டாக்டரும் சமமில்ல."

"முந்தாநாளா? அப்பவே சொல்லியிருந்தா மருந்தையாவது நிறுத்தியிருப்பேனே!"

"நிறுத்தியிருப்பீங்க. மிஷினையும் நிறுத்தியிருப்பீங்க."

திரைக்கு அந்தப் பக்கம் மாரீஸ்வரனின் குறட்டை லேசாகக் கேட்டது. அவள் குரலை இறக்கினாள்.

"பாப்பாவுக்காகன்னு சொல்லிரலாம். சொன்னா நீங்களும் தலையாட்டுவீங்க. அது பொய் சிஸ்டர். எனக்கு எனக்காகவே உசுரோட இருக்கணும். ஆறு வருஷமா ஆஸ்பத்திரியும் வீடுமா செத்துச் செத்துப் பிழைச்சிருக்கேன். தையல் போட்ட மறுநாள் காலையில பல்லு விளக்குறேன், ஈறுல ரத்தம் வரல. வெறும் வெள்ளை நுரை. அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு ராத்திரிதான் அந்த நீலத்தைப் பாத்தேன். வாயைத் தொறக்க முடியல. தொறக்கல."

நான் அவளைக் கண்டிக்க வேண்டுமா, தேற்ற வேண்டுமா? இரண்டுக்கும் எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. 'அதிசயம்' என்று மாடிப்படி ஏறி ஓடியவள் நான்.

"இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா கழட்டணும். வேணும்னா ஓடும்."

"குறைஞ்சது எட்டுன்னீங்கள்ல?"

"ஆமா."

"எட்டு நாள் எடுத்துக்கிறேன்." கணக்குப் பேசுகிற குரல் இல்லை அது. கண்ணீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. "அதுக்கு மேல வேண்டாம். ஆனா எனக்குத் தெரியும்னு அவுகளுக்குத் தெரியக் கூடாது. 'இவளுக்குத் தெரியாம கொடுத்தோம்'ங்கிறதாவது அவுகளுக்கு மிஞ்சட்டும்."

"ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியாச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆச்சு சார்."

"ரெண்டு பேரும் சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஆறாம் நாள் அவருக்கு அறுபதாயிரம். ஏழாம் நாள் நாற்பத்தொன்று. அன்று காலை இந்துராணிக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. தையல் கசிகிறதா, வேறு கிருமியா என்று ஒரு நாள் முழுக்கத் தெரியவில்லை. மாரீஸ்வரனின் வெள்ளையணுக்கள் சவ்வைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன, இருக்கிற கொஞ்சமும். மதியம் காய்ச்சல் ஏறியது. மாலையில் அரை டிகிரி இறங்கியது. நான் கருவிக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஐந்து மணிக்கு மாரீஸ்வரனின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. நான் பஞ்சை வைத்து அழுத்தினேன். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை. "உள்ள சூடு சிஸ்டர்" என்று அவர் பஞ்சுக்குள்ளிருந்து சிரித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். இந்துராணி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது.

எட்டாம் நாள் காலையில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தோம். தையல் முக்கால்வாசி ஒட்டியிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி ஒரு கசிவு.

டாக்டர் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நின்று சொன்னார்: "இன்னும் மூணு நாள் ஓட்டினா அநேகமா அடைச்சிரும். இப்பக் கழட்டினா..."

"ஓட்டுங்க சார்" என்றார் மாரீஸ்வரன்.

"கழட்டுங்க" என்றாள் இந்துராணி.

"ஏய், என்ன உளர்ற?"

"முதுகெல்லாம் புண்ணாப் போச்சு. எட்டு நாளா மல்லாக்கப் படுத்தே கிடக்கேன். என்னால முடியாது. கழட்டுங்க சார், கழட்டினாத்தான் ஆச்சு."

"முதுகு வலிக்குதாம்ல! இங்க ஒருத்தன்..." அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "மூணே நாளு இந்து. மூணு நாளு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுக்க முடியாதா உன்னால? சிஸ்டர், நீங்க சொல்லுங்க இவளுக்கு. நல்லா விளக்கிச் சொல்லுங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்துராணியும் பார்த்தாள்.

"ஒருத்தர் வேண்டாம்னா கழட்டணும்ணே" என்றேன். "அதுதான் விதி."

நான்கு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடினேன். அவர் என்னிடமும் இரண்டு நாள் பேசவில்லை.

கசிவு நிற்கவில்லை. கழட்டிய நாலாம் நாள் அவளை மறுபடி மேசையில் ஏற்றி, குடல் முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்து ஒரு பை பொருத்தினார்கள். உடலில் மிச்சமிருந்த அவருடைய அணுக்கள் எத்தனை நாள் தாங்கின என்று இன்றைக்கும் என்னால் கணக்குப் போட முடியவில்லை. இருபத்திரண்டு நாள் தீவிர சிகிச்சை. பிழைத்துக்கொண்டாள். மருத்துவமனை போட்ட விசாரணைக் குழுவுக்கு நான் படிவம், பொருத்தம், மாடிப்படி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். இந்துராணி எந்த நாளில் எதைப் பார்த்தாள் என்பதை மட்டும் எழுதவில்லை.

மாரீஸ்வரனின் மஜ்ஜை முழுதாக நின்றுவிடவில்லை, முழுதாகத் திரும்பவும் இல்லை. இப்போது மாதம் இரண்டு தடவை இருவரும் சேர்ந்தே சிவகாசியிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ரத்தம் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். போன வாரமும் வந்தார்கள். அவர் தலை முழுக்க வெள்ளை. டை அடிப்பதை விட்டுவிட்டார். புதிதாக வந்திருந்த ஒரு தம்பதியிடம் உற்சாகமாக உடன்சுற்றை விளக்கிக்கொண்டிருந்தார், தண்ணீர், மை, பிளேட் எல்லாம் சேர்த்து. என்னைக் கண்டதும் கூப்பிட்டார்.

"சிஸ்டர், நீங்களே சொல்லுங்க. இவ மட்டும் அன்னைக்கு இன்னொரு மூணு நாளு பொறுத்திருந்தா, இப்படிப் பையைக் கட்டிக்கிட்டு அலைய வேண்டாம்ல? முதுகு வலியாம் முதுகு வலி!"

அந்தத் தம்பதி சிரித்தார்கள். நான் இந்துராணியைப் பார்த்தேன். அவள் அவருடைய முழங்கை மடிப்பில், ஊசி எடுத்த இடத்தில், பஞ்சை வைத்துக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பேசாம கையை நீட்டுங்க மாமா" என்றாள். "இன்னும் நிக்கல."

பஞ்சை எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்து அழுத்தினாள்.